நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில்

நவம்பரில் டிராண்ட்ஹைமில்
மூன்றரைக்கெல்லாம் சன்னல் கறுத்துவிடும்.
அதற்குப் பிறகு வெளிச்சமெல்லாம் திரையில்தான்:
நீலம் ஓர் உலோக அடுக்கு,
சிவப்பு இன்னொன்று,
இரண்டும் தொடும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

அறுபது வோல்ட்டில் கத்து,
பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேள்.
எங்கள் சில்லுக்கு வேலை இவ்வளவுதான்.
கத்தும்போது காதை மூடிக்கொள்ள வேண்டும்;
மறந்தால்
பெருக்கி அந்த நொடியே கருகிப்போகும்.
மூடியதைத் திறக்கத் தாமதித்தால்
தோலுக்கு அடியில் இருப்பது கேட்காது.
அந்தக் கதவை வரைய
எனக்கு ஏழு வாரம் ஆயிற்று.

உடம்பு எதையும் சும்மா திருப்பித் தராது,
ஆழம் போகப் போக வட்டி பிடித்துக்கொள்ளும்.
பக்கத்திலிருந்து வருவது கூச்சல்.
பதினைந்து சென்டிமீட்டருக்குக் கீழிருந்து வருவதோ
பெருமூச்சில் பாதி.
ஆகவே நேரம் செல்லச் செல்ல
கேட்கும் திறனை ஏற்றிக்கொண்டே போகிறோம்,
படிப்படியாக,
பதினாறு படி.

தோலைச் சுடக் கூடாது என்பதால்
சேனலுக்கு ஒரு மில்லிவாட் மட்டும்.
கூடக் கேட்டால் எய்விண்ட்
தன் பணப்பையைத் தொட்டுப் பார்க்கிறவன்போல்
முகத்தை வைத்துக்கொள்வான்.

கோப்பு காலை எட்டுக்குத்
தைவானுக்குப் போயாக வேண்டும்.
முந்தைய இரவு கண்டேன்:
ஐந்தாம் படியிலிருந்து ஆறாம் படிக்கு ஏறுகையில்
ஒரு டிக்.
கத்தி முடித்த ஐம்பத்திரண்டாம் மைக்ரோ நொடியில்,
கதவிடுக்கில் யாரோ நகத்தைத் தட்டியதுபோல்.

"எவ்வளவு?" என்றான் எய்விண்ட்,
கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி.
"பன்னிரண்டு மைக்ரோவோல்ட்."
"இரைச்சலில் அமுங்கிவிடும்."
தலையாட்டினேன்.
காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது.
தலையாட்டியது நான்தான்,
அதை எழுதிவைக்கிறேன்.

கணக்கு தெரியாதவள் இல்லை நான்.
நூற்றிருபத்தெட்டு சேனல்களைக் கூட்டும்போது
இரைச்சல் தனக்குள்ளேயே அடித்துக்கொண்டு அடங்கும்.
டிக் அப்படியல்ல.
எல்லாச் சேனலிலும் அதே நேரம், அதே சொல்.
கூட்டக் கூட்ட அது குரலாகும்.
அந்த இரவு
தூக்கம் என் பக்கமாகத் தலையாட்டியது.

மூன்று ஆண்டு கழித்து
என் இதயம் இடையிடையே ஒரு துடிப்பை விழுங்கியது.
இடப்பக்கமாகப் படுக்கச் சொன்னார்கள்.
"ஜெல் குளிரும்," என்றாள் குன்வோர்.
குளிர்ந்தது.

வால்வைப் பார்த்தேன்.
கரைக்கு வந்த மீனின் வாய்போல்
அது திறந்து, மூடி, திறந்து.
அதன் குறுக்கே,
நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில்,
அசையாமல்
ஒரு வெள்ளை இழை.

"மூச்சு விடுங்கள், தோர்டிஸ்.
நிறுத்தச் சொல்லவில்லையே நான்."

"அது என்ன கோடு?"

"அதுவா? இந்தக் கருவியில் எல்லாருக்கும் இருக்கும்.
தூண்டில் நரம்பு என்போம் நாங்கள்.
கையை இப்படி ஒரு சாய்ப்புச் சாய்த்தால்
வால்வு அதற்குக் கீழே இறங்கிவிடும்,
பாருங்கள்."

சாய்த்தாள்.
இறங்கியது.
அவள் மணிக்கட்டில் கறுப்புப் பட்டி,
ஓரம் நைந்து, மூன்றாவது பித்தானில் இழுத்துக் கட்டியது.
வாரத்துக்கு முப்பது நெஞ்சு என்றாள்.
சில வாரம் நாற்பது.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.
"மின்னணு" என்றேன்.
"அப்படியானால் என் வீட்டு அடுப்பைச் சரிசெய்வீர்களா?"
சிரித்தாள். ஜெல்லைத் துடைக்கக் காகிதம் தந்தாள்,
வலக்கையால் அல்ல, இடக்கையால்.
வால்வில் பழுது இல்லையாம்,
காப்பியைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர்.

மறுநாள் பழைய கோப்பைத் திறந்தேன்.
ஆறாம் படி.
ஒரு சிறு மின்தேக்கி,
கூடவே இரண்டு மைக்ரான் உலோகம்,
மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

மாற்றப் படிவத்தில் எய்விண்ட் விரலை வைத்தான்.
"காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே.
மின்னழுத்தமா, வெப்பமா, பரப்பளவா?"

"மணிக்கட்டு," என்றேன்.

பட்டியலில் அந்தச் சொல் இல்லை.
'மற்றவை' என்பதை அழுத்திவிட்டுக்
கீழே கையால் எழுதுவதுபோல் மெதுவாகத்
தட்டச்சு செய்தேன்.